சிடுமூஞ்சி அண்ணன் அவர்களுக்கு வந்த வாழ்த்து

தம்பி,

இங்கே நான், உன் அப்பா, இரண்டு ஆடு, வாய்க்கால் நிறையத் தண்ணீர், எல்லாரும் சௌக்கியம். நீயும் சென்னையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதானே, அதற்கு என்ன செலவு? கையில் போனை வைத்துக்கொண்டு அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. இதில் எழுதப்போவது உனக்கு மட்டும் தெரிய வேண்டியது. போனில் சொன்னால் நாளைக் காலையில் ஏதாவது ஒரு கடைக்காரன் நம் ஊர் முழுக்க வாழ்த்து அனுப்பிவிடுவான். இந்த உறையை நான் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் எழுத்தை உன்னைத் தவிர வேறு யாராலும் படிக்கவும் முடியாது. பூட்டுக்கு மேல் பூட்டு.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். மணவறையில் உட்காருவதற்கு முன்னால் மாப்பிள்ளை நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். உன் மாமாவோ, கல்யாணத்துக்கு வருவேன், சாப்பிடுவேன், பட்டம் மட்டும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது உன்னை எவ்வளவு அறுக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வாரம் போனில், "அப்பாவே கட்டிடட்டும்மா, விடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ பொய்யாகச் சிரித்தால் கடைசியில் ஒரு இருமல் வரும். அது வந்தது. அதனால்தான் மூடி வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது திறக்கிறேன். படித்து முடிக்கும்வரை கோபப்படாதே. முடித்த பிறகு உன் இஷ்டம்.

ஆனி மாதம் நீ லீவில் வந்திருந்தாய். உனக்குப் பிடித்த பெண்ணை நீயே பார்த்து, அவள் அப்பா அம்மாவையும் கூட்டிவந்து நம் வீட்டில் உட்கார வைத்தாய். காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் எல்லாரையும் பிடித்துவிட்டது. அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து முதலில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று முடிவு செய்தோம். தாய்மாமன் காதில் விழுவதற்கு முன்னால் கல்யாணச் சேதி வேறு காதில் விழக்கூடாது. இது நீயும் அறிந்த வழக்கம். "அம்மா, ரெண்டு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இரு" என்று நீ வேறு சொன்னாய். உன் அப்பா, "அதெப்படிடா முடியும், கட்டினா கயிறு அறுந்துடும்" என்றார். அந்த மனுஷருக்குப் பேச்சு வராது, வந்தால் இப்படித்தான் வரும்.

நடுவில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அதுதான் வினை. மாங்கல்யம் என்ன விலை போகிறது என்று சும்மா விசாரித்து வரலாமே என்று நான் மட்டும் தஞ்சாவூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் ஒரு நகைக்கடை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு ஒரு பெண், "வாங்க அத்தை, என்ன விசேஷம்?" என்று கேட்டது. தம்பி, என்னிடம் "என்ன விசேஷம்" என்று கேட்டுவிட்டு யாராவது பதில் வாங்காமல் போயிருக்கிறார்களா? "பையனுக்குக் கல்யாணம்மா. இன்னும் யாருக்குமே சொல்லலை, என் கூடப் பிறந்த அண்ணனுக்கே நாளைக்குத்தான் சொல்லப்போறோம், உங்கிட்டதான் மொத மொதல்ல சொல்றேன்" என்றேன். அது சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் ஒரு பலகை போன்ற போனில் தட்டிக்கொண்டது.

பிறகு, "அத்தை, உங்க போனைக் கொடுங்க, நம்ம கடை ஆப்பை ஏத்தித் தர்றேன், ஒரு கிஃப்ட் உண்டு" என்றது. கிஃப்ட் என்றதும் என் கை எனக்கு முன்னால் நீண்டது. "மூணு தடவை கேக்கும் அத்தை, 'அனுமதி'ன்னு இருக்கிறதை அமுக்கிடுங்க." கீழே சின்னதாக 'வேண்டாம்' என்றும் ஒன்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் அரிசிப் பானை காலியானால்கூட 'அரிசி இல்லை' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லிப் பழகிய வாய் இது. கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள் நான். எதிரே ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அதன் மூஞ்சியில் அடித்தாற்போல 'வேண்டாம்' என்று எப்படி அமுக்குவது? மரியாதையாக மூன்று தடவையும் 'அனுமதி' கொடுத்தேன். ஏதோ பந்தியில் மூன்று பேருக்கு இலை போட்ட மாதிரி மனசு நிறைவாகக்கூட இருந்தது. கிஃப்ட் என்பது ஒரு எவர்சில்வர் டப்பா. மூடி சரியாக மூடாது.

என் போனில் இருக்கிற பேர்களைப் பற்றி உனக்குத் தெரியும். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் நான், இருபத்தாறு பெண்கள் நம்பர் வேண்டும். அதில் நாலு செல்வி. எந்தச் செல்வி என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதனால் மைக்கை அமுக்கி என் வாயாலேயே சொல்லிப் பேர் ஏற்றி வைத்திருந்தேன். லேட்டா வர்ற செல்வி, வெத்தலை செல்வி, பாட்டுக்காரச் செல்வி, நல்ல செல்வி. மடைக்குத் தண்ணீர் திருப்புவதில் நம்மோடு வருஷா வருஷம் மல்லுக்கு நிற்கும் பக்கத்து வயல்காரருக்கு 'வாய்க்கால் சண்டை'. என் அண்ணனுக்கு 'சிடுமூஞ்சி அண்ணன்'. அந்தப் பேர் போனுக்காக வைத்ததில்லை. ஆறு வயசில் வைத்தது. பள்ளிக்கூடம் போகக் காலில் சேறு படக்கூடாது என்று நான் அழுவேன். அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "எருமை, எருமை, நடந்தா தேஞ்சா போயிடுவ" என்று சிடுசிடுத்துக்கொண்டே வாய்க்காலைத் தாண்டுவார். ஒருநாளும் இறக்கி விட்டதில்லை. "சிடுமூஞ்சி, மெதுவாப் போ" என்று மேலே இருந்து நான் அதிகாரம் செய்வேன்.

அன்று சாயங்காலம் பஸ் திருவையாறு தாண்டுவதற்குள் ஊரெல்லாம் போன் கிணுகிணுத்துவிட்டது. நான் கொடுத்த மூன்று அனுமதியில் ஒன்று, என் போனில் இருக்கிற பேர் நம்பர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள. அள்ளியவர்கள் அந்தப் பேரைப் போட்டே எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பிவிட்டார்கள். "மதிப்பிற்குரிய வாய்க்கால் சண்டை அவர்களுக்கு வணக்கம், உங்கள் தோழியின் இல்லத் திருமணத்துக்கு எங்கள் நல்வாழ்த்துகள், மாங்கல்யம் முதல் மெட்டி வரை எங்களிடம் வாங்குங்கள்." கீழே என் பேரும் நம்பரும் வேறு. தோழியாம்! வாய்க்கால் சண்டை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன தோழி, மடையை அடைக்கவா, தொறக்கவா?" என்று கேட்டார். மறுநாள் விடிந்ததும் நான் வயலுக்குப் போனால், எனக்கு முன்னால் வரப்பில் ஒருத்தி போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். லேட்டா வர்ற செல்வி. அவள் பிழைப்பில் முதல் தடவையாகச் சீக்கிரம் வந்திருந்தாள். "அக்கா, என் பிள்ளை இதைச் சத்தமாப் படிச்சுக் காட்டுச்சு. எம் மாமியார் பக்கத்துல இருந்தாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அவள் மாமியாரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டு வருவதால்தான் லேட். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேலி செய்வேன். களத்தில் நான் முகத்துக்கு நேரே சொன்னால் அவளும் சிரிப்பாள். கடைக்காரன் சொன்னால் எப்படிச் சிரிப்பாள்?

நீ அன்றைக்கு என்னிடம் கேட்டாய்: "அம்மா, எதையாவது அமுக்கினியா?" நான், "சும்மா கடைக்குள்ள போனேன், வந்தேன். ஒண்ணும் பண்ணலையே" என்றேன். டப்பாவைத் தவிட்டுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். கடைக்குள் நுழைந்தாலே போனை மோப்பம் பிடிக்கிற கருவி இருக்கிறது, எந்த அலமாரி முன்னால் எத்தனை நிமிஷம் நின்றோம் என்றுகூடக் கண்டுபிடிப்பார்கள் என்று நீ அரைமணி நேரம் விளக்கினாய். நான் நன்றாகத் தலையாட்டினேன். கடைசியில் நீ முகம் வாடி, "எங்க ஆபீஸ்லயும் இது மாதிரிதான்மா கடைகளுக்குச் செஞ்சு கொடுக்கிறோம். நான் செஞ்ச பாவம் நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எப்போதும் மூடாத வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

அப்புறம் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். நீயும் இருந்தாய், ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இது பாராமல் ஒப்பிக்கிற பாடமாகிவிட்டது. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வாங்க. சிடுமூஞ்சி வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். அண்ணி கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள். "கடைக்காரரே முறையா அழைச்சுட்டாரு. அப்புறம் தாம்பாளம் எதுக்கு?" என்று அண்ணன் தட்டைத் தொடவே இல்லை. உன் அப்பா கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நீதான் முன்னால் போய், "மாமா, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பேரை விளையாட்டுக்கு நான்தான் போட்டேன். ஆப்பையும் நான்தான் ஏத்தினேன்" என்று காலில் விழுந்தாய். அண்ணன் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். தட்டை வாங்கி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு வர்றேன். ஆனா இவன் நெத்தியில பட்டம் கட்ட மாட்டேன்" என்றார்.

நீ சொன்ன பொய்க்கு நீயே தண்டனை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாய். நான் சொல்லாத உண்மையோடு இங்கே நடவை முடித்தேன். என் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன்தான். நான்தான் என்று சொல்லி, அவர் வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான், வேறென்ன.

நடுவில் ஒருநாள் தஞ்சாவூர் போய் அந்த நகைக்கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், போன் சிணுங்குகிறது: 'நீங்கள் எங்கள் கடைக்கு அருகில்தான் இருக்கிறீர்கள், உள்ளே வாருங்கள், ஆடித் தள்ளுபடி உண்டு.' நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். எந்தச் சன்னலில் இருந்து எவன் பார்க்கிறான்? வயலில் பாம்பு போனால்கூடச் சரசரவென்று சத்தம் கேட்கும், இது சத்தமே இல்லாமல் பின்னால் வந்திருக்கிறதே என்று முதுகு சிலிர்த்தது. சரி, கூப்பிட்டாயல்லவா, வருகிறேன் என்று உள்ளே போனேன். அதே பெண். தைரியம் வந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று டப்பாவைப் பையில் கொண்டுபோயிருந்தேன். "இந்தாம்மா உன் டப்பா. என் பேரையெல்லாம் திருப்பிக் கொடு" என்றேன். அது முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சின்னக் குரலில், "அதெல்லாம் திரும்ப வராது அத்தை. எங்க போய் இருக்குன்னு எனக்கே தெரியாது. என் நம்பரும் அதுலதான் இருக்கு. எனக்கும் தினம் 'கடைக்கு வாங்க'ன்னு வருது. நான் கடையிலதானே இருக்கேன்?" என்றது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்தப் பிள்ளையே ஆப்பை எடுத்துவிட்டது. பறித்த நாற்றை மறுபடி நாற்றங்காலில் ஊன்ற முடியாது, இனிமேல் பறிக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். டப்பா திரும்ப என் பையிலேயே வந்துவிட்டது.

போன வாரம் உன் இருமலைக் கேட்டபின் என்னால் முடியவில்லை. முந்தாநாள் காலையில் நான் மட்டும் அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன். அண்ணன் வயலில் உரம் தெளித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. "அண்ணே, பேரு நான் வச்சது. ஆப்பும் எனக்குத்தான் ஏத்துனாங்க. அனுமதி அனுமதின்னு மூணு தடவை அமுக்கினேன். ஒரு டப்பா கொடுத்தாங்க. புள்ள பொய் சொன்னான், நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

அண்ணன் கையிலிருந்த உரத்தை வீசி முடித்துவிட்டு நிதானமாக, "என்ன டப்பா?" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சேற்றுக் காலோடு வந்து வாங்கி மூடியை அமுக்கிப் பார்த்தார். மூடவில்லை. "உன் வாய் மாதிரியே கொடுத்திருக்கான்" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"அண்ணே, கோவமா?"

"கோவம்தான். பேருக்கா கோவம்? ஆறு வயசுலேர்ந்து தோள்ல உக்காந்துக்கிட்டு அப்படித்தானே கூப்பிடுற. அந்தப் பேரு இந்த உலகத்துல ஒரு ஆளு வாய்லதான் இருந்துச்சு. அதைக் கடைக்காரன் எதுக்குச் சொல்றான்? எம் மருமவனுக்குக் கல்யாணம்னு அவன் எதுக்கு எனக்குச் சொல்றான்? நீ வந்து சொல்றப்ப கேக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. என்னால்! அவரே தொடர்ந்தார். "புள்ள சொன்னது பொய்யின்னு அப்பவே தெரியும். அவன் வச்ச பேரா இருந்தா நீ என் மூஞ்சியைப் பாத்திருப்ப. தரையைப் பாத்துக்கிட்டு நின்ன. நீ எப்ப வந்து சொல்லுவேன்னு ஒரு மாசமா உரத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்ப பட்டம்?"

"பின்ன வேற யாரு கட்டுவா? கடைக்காரனா?"

நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். உடனே போனை எடுத்து, "இப்பவே அந்தப் பேரை அழிச்சுடுறேன் அண்ணே" என்றேன். அவர் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு, "போன்லேர்ந்து எடுத்துடு. கூப்பிடுறதை நிறுத்திடாத" என்று சொல்லிவிட்டு, டப்பாவில் மிச்ச உரத்தை அள்ளிக்கொண்டு மறுபடி வயலில் இறங்கிவிட்டார். டப்பா அங்கேயே போய்விட்டது. நல்லதாயிற்று.

அதனால் தம்பி, உனக்கு மாமா பட்டம் கட்டுகிறார். நீ வந்ததும் அவர் காலில் விழு, இந்தத் தடவை பொய் சொல்லாமல் விழு. எனக்காகப் பழியைச் சுமந்தாய், அந்த மனசு உனக்கு இருக்கட்டும். ஆனால் நாளைக்கு உன் பெண்டாட்டிக்காகவும் இப்படிப் பொய் சொல்லித் தியாகம் பண்ணாதே. அவள் செய்ததை அவளே சொல்ல விடு. ஒரு மாசம் நான் பட்ட பாட்டைவிட ஒரு காலை வரப்பில் நின்றது எவ்வளவோ லேசு.

வேலையை விட்டுவிடட்டுமா என்று நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். விடாதே. நீ விட்டால் அந்த நாற்காலியில் அம்மா இல்லாத பிள்ளை எவனாவது வந்து உட்காருவான். கேட்கிற விதத்தை மாற்று. 'அனுமதி' என்று பெரிதாகப் போட்டு 'வேண்டாம்' என்று எறும்பு மாதிரி போடாதே. 'உங்க போனில் இருக்கிற எல்லார் பேரையும், நீங்க வச்ச பேரோட, எடுத்துக்கிட்டுப் போய் அவங்களுக்கே மெசேஜ் அனுப்புவோம், சரியா?' என்று நேராகக் கேள். அப்படிக் கேட்டிருந்தால் நான் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு ஓடியிருப்பேன். இன்னொன்று. எங்களைப் போன்றவர்களுக்கு 'வேண்டாம்' என்று அமுக்க விரல் வராது. அந்த இடத்தில் 'போயிட்டு வர்றேன்' என்று போடு. தஞ்சாவூர் ஜில்லாவே அதைத்தான் அமுக்கும். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸில் வேண்டுமானால் படித்துக் காட்டு, அனுமதி தருகிறேன். பார், நீ கேட்கவே இல்லை, அதற்குள் கொடுத்துவிட்டேன். செல்வி பேரை மட்டும் மாற்றிப் படி. அவளிடம் நான் கேட்கவில்லை.

அவளை இப்போது என் போனில் வெறும் 'செல்வி' என்று வைத்திருக்கிறேன். நாலு பேரும் வெறும் செல்விதான். யாரைக் கூப்பிட்டாலும் வேறு யாராவது எடுக்கிறார்கள், நடவு முடிந்ததால் பிழைத்தேன். அண்ணன் பேரையும் 'அண்ணன்' என்று மாற்றியாயிற்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் கூப்பிட்டார். உனக்குத் தலைப்பாகைத் துணி எடுக்க வேண்டுமாம், என்ன நிறம் என்று கேட்டார். போனை உன் அப்பாதான் முதலில் பார்த்தார். "யாரோ அண்ணன்னு போட்டிருக்கு, யாரு?" என்றார்.

"குடுங்க இப்படி. சிடுமூஞ்சிதான்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தது கேட்டது.

போயிட்டு வர்றேன்,
அம்மா